சர்ப்ளஸ், டெஃபிசிட்... தருமபுரியில் ஒரே நாளில் இரண்டும் எப்படி உண்மையாகின்றன?

‘சர்ப்ளஸ்’ என்றால் அதிகம். ‘டெஃபிசிட்’ என்றால் குறைவு. பள்ளியில் எதிர்ச்சொல் பட்டியலில் மனப்பாடம் செய்ததோடு இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால், அவை நம்மை விடுவதில்லை. மழை அறிவிப்பு, அணை நிலவரம், பட்ஜெட், ரத்தப் பரிசோதனை, பள்ளி ஆசிரியர் இடமாற்றம் என எல்லா இடங்களிலும் வந்து நிற்கின்றன. பல நேரங்களில் நமக்குத் தண்ணீர் வருமா, வராதா என்பதைக்கூட இந்தச் சொற்கள்தாம் முடிவு செய்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள தருமபுரி மாவட்டத்தைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டினால் ஒகேனக்கல்லில் வெள்ளம் வரும். பரிசல் ஓட்டத் தடை விதிப்பார்கள். அருவிகள் மூழ்கும். செய்திகளில் ‘சர்ப்ளஸ் வாட்டர்’ என்ற சொல் அடிபடும். அதே வாரத்தில், ஒகேனக்கல்லிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிராமத்து ஏரியில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும். மாவட்ட மழைப் பட்டியலில் ‘டெஃபிசியன்ட்’ என்று எழுதியிருக்கும். இரண்டுமே உண்மை.

எப்படி என்று பார்ப்போம்.

‘உபரி’யும் ‘பத்தல’யும்

‘சர்ப்ளஸ்’ என்ற சொல் லத்தீன் மூலத்திலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘சூப்பர்’ என்றால் மேலே. ‘ப்ளஸ்’ என்றால் கூடுதல். தேவைக்கு மேலே நிற்பது என்று பொருள். தமிழில் நாம் இதற்குப் பயன்படுத்தும் ‘உபரி’ என்ற சொல் சம்ஸ்கிருதத்திலிருந்து வந்தது. அதற்கும் ‘மேலே’ என்பதுதான் பொருள். லத்தீன் ‘சூப்பர்’, சம்ஸ்கிருத ‘உபரி’ இரண்டும் ஒரே மூலத்தில் பிறந்த உறவுக்காரச் சொற்கள் என்கிறது மொழியியல். ஆக, ‘சர்ப்ளஸ்’ஸை ‘உபரி’ என்று மொழிபெயர்த்தவர் அதன் சொந்தக்காரரையே தேடிப் பிடித்திருக்கிறார்.

‘டெஃபிசிட்’டின் கதை இன்னும் சுவாரஸ்யம். லத்தீனில் அது பெயர்ச்சொல்லே அல்ல. ‘குறைகிறது’ என்ற வினைச்சொல். பொருள்களைக் கணக்கெடுத்துப் பட்டியல் எழுதும்போது, இருக்க வேண்டிய ஒரு பொருள் இல்லையென்றால் அந்த இடத்தில் இந்தச் சொல்லை எழுதுவார்கள். 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, குறையும் தொகைக்கே அது பெயராகிவிட்டது. நம் ‘பற்றாக்குறை’யும் கிட்டத்தட்ட இப்படித்தான். ‘பற்றாது’ என்பதுதான் பேச்சில் ‘பத்தாது’, ‘பத்தல’ என்று ஆகியிருக்கிறது. ரேஷன் அரிசி பத்தல, சம்பளம் பத்தல, மழை பத்தல என்று நாம் தினமும் சொல்வதெல்லாம் டெஃபிசிட் கணக்குதான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ‘நிறைய’, ‘கொஞ்சம்’ என்ற சொற்களுக்கு ஓர் அளவு போதும். ‘சர்ப்ளஸ்’, ‘டெஃபிசிட்’ இரண்டுக்கும் இரண்டு அளவுகள் வேண்டும். ஒன்று, கையில் இருப்பது. இன்னொன்று, இருக்க வேண்டியது. அந்த இரண்டாவது அளவு ஒரு கோடு. கோட்டுக்கு மேலே சர்ப்ளஸ், கீழே டெஃபிசிட். அந்தக் கோட்டை யார், எங்கே கிழித்தார்கள் என்று தெரியாமல் இந்தச் சொற்களுக்குப் பொருளே கிடையாது.

மழைக்கு ஒரு கோடு

இந்திய வானிலை ஆய்வு மையம் மழையைப் பற்றிச் சொல்லும்போது, பல ஆண்டுகளின் சராசரியை ‘நார்மல்’ என்ற கோடாக வைக்கிறது. அதோடு ஒப்பிட்டு எத்தனை சதவிகிதம் கூடியது, குறைந்தது என்று கணக்கிடுகிறது.

சராசரியைவிட 19 சதவிகிதம் கூடினாலும் குறைந்தாலும் அது ‘நார்மல்’தான். 20 முதல் 59 சதவிகிதம் வரை கூடினால் ‘எக்ஸஸ்’. 60 சதவிகிதமோ அதற்கு மேலோ கூடினால் ‘லார்ஜ் எக்ஸஸ்’. 20 முதல் 59 சதவிகிதம் வரை குறைந்தால் ‘டெஃபிசியன்ட்’. அதற்கும் கீழே போனால் ‘லார்ஜ் டெஃபிசியன்ட்’.

ஓர் உதாரணம். ஓர் ஊரின் சராசரி மழை 200 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இந்த ஆண்டு 162 மி.மீ. பெய்தது. 38 மி.மீ. குறைவு. மானாவாரியாகக் கேழ்வரகும் சாமையும் போட்டவருக்கு அது பெரிய இழப்பாக இருக்கலாம். ஆனால், கணக்கில் அது 19 சதவிகிதக் குறைவு. எனவே பட்டியலில் ‘நார்மல்’ என்றுதான் வரும். இன்னும் 2 மி.மீ. குறைந்து 160 ஆகியிருந்தால் ‘டெஃபிசியன்ட்’.

மறுபக்கமும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்மாவட்டங்களுக்கு நகர்ந்தபோது, கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. தருமபுரி மாவட்டம் அரூரில் 30 செ.மீ.க்கு மேல் பதிவானது. இப்படி ஒரு நாள் பெய்தால் போதும், அந்தப் பருவத்தின் மொத்தக் கணக்கே ‘எக்ஸஸ்’ பக்கம் சாய்ந்துவிடும். முந்தைய வாரங்களில் காய்ந்த பயிர் அந்தக் கணக்கில் தெரியாது. கணக்குக்கு மொத்த அளவு போதும். பயிருக்கு எந்த நாளில் எவ்வளவு பெய்தது என்பதும் வேண்டும்.

‘இந்த வருஷம் எக்ஸஸ் மழைன்னு போட்டிருக்கான், எங்க ஊர் ஏரி மட்டும் ஏன் நிரம்பல?’ என்ற கேள்விக்கு இதில் ஒரு பாதி பதில் இருக்கிறது. மீதி பாதி, ஏரிக்கு வரும் கால்வாய் தூர்ந்து கிடக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

யாருக்கு உபரி?

ஏரி நிரம்பி வழிவதை வட மாவட்டங்களில் ‘கோடி போகுது’ என்பார்கள். தென் மாவட்டங்களில் ‘மறுகால் பாயுது’ என்பார்கள். அரசுப் பதிவேட்டில் அந்த இடத்துக்குப் பெயர் ‘சர்ப்ளஸ் வெயர்’. அங்கே கோடு என்பது கண்ணுக்குத் தெரியும் ஒரு கல் சுவர். அதைத் தாண்டிப் போகும் தண்ணீர் இந்த ஏரிக்கு உபரி. ஆனால், கீழே இருக்கும் அடுத்த ஏரிக்கு வரத்து. ஓர் ஏரியின் சர்ப்ளஸ் இன்னோர் ஏரியின் டெஃபிசிட்டைத் தீர்க்கும் என்ற கணக்கில்தான் சங்கிலித்தொடராக ஏரிகளை வெட்டி வைத்தார்கள் முன்னோர்.

காவிரியில் இந்தக் கோடு அவ்வளவு எளிதாக இல்லை. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, சாதாரண ஆண்டில் பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. தண்ணீர் வர வேண்டும். ஒரு டி.எம்.சி. என்பது சுமார் 2,830 கோடி லிட்டர். மழை குறைந்த ஆண்டில், அந்தக் குறைவை மாநிலங்கள் விகிதப்படி பகிர்ந்துகொள்ள வேண்டும். இது முதல் கோடு.

அடுத்த கோடு மேட்டூரில். 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 120 அடியைத் தொட்ட பிறகு வரும் தண்ணீரை அணையில் வைத்துக்கொள்ள முடியாது. 16 கண் மதகு வழியாகத் திறந்துவிடுவார்கள். அதைத்தான் நாம் ‘உபரி நீர்’ என்கிறோம். 2018 ஆகஸ்ட்டில் அப்படிப் பெருக்கெடுத்து ஓடிய நேரத்தில், 22-ம் தேதி திருச்சி முக்கொம்பு மேலணையின் மதகுகள் சில உடைந்து அடித்துச் செல்லப்பட்டன.

காவிரி தருமபுரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் பள்ளத்தில் ஓடுகிறது. ஊர்களும் ஏரிகளும் மேட்டில் இருக்கின்றன. எனவே ஒகேனக்கல்லில் எவ்வளவு வெள்ளம் போனாலும் ஒரு சொட்டுகூடத் தானாக இந்த ஏரிகளுக்கு வராது. அவை உள்ளூர் மழையை நம்பியே இருக்கின்றன. ‘உபரி நீரை மோட்டார் வைத்து மேலே ஏற்றி எங்கள் ஏரிகளை நிரப்புங்கள்’ என்பது இந்த மாவட்ட மக்களின் நீண்ட நாள் கோரிக்கை. பக்கத்து சேலம் மாவட்டத்தில், மேட்டூர் உபரி நீரைக் கொண்டு 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் சரபங்கா நீரேற்றுத் திட்டம் 565 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பட்டிருப்பதால், இந்தக் கோரிக்கைக்கு வலு கூடியிருக்கிறது.

எதிர்ப்பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. உபரி நீர் ஆண்டு முழுக்க வருவதில்லை. சில ஆண்டுகளில் சில வாரங்கள். சில ஆண்டுகளில் வரவே வராது. அந்தச் சில வாரங்களுக்காகப் பல கோடி ரூபாயில் குழாயும் மோட்டாரும் போட வேண்டும். தவிர, ‘வீணாகக் கடலுக்குப் போகிறது’ என்று நாம் சொல்லும் தண்ணீர், வழியில் நிலத்தடி நீரை ஊற வைக்கிறது. கடற்கரை நிலத்தில் உப்பு நீர் ஏறாமல் தடுக்கிறது. முகத்துவார மீன்வளத்துக்கும் அது தேவை. தருமபுரி ஏரிக்கரையில் நிற்பவருக்கு உபரியாகத் தெரியும் தண்ணீர், கடைமடையில் நிற்பவருக்கு அப்படித் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கிழிக்க வேண்டிய கோடு இது.

‘எக்ஸஸ்’ வேறு, ‘சர்ப்ளஸ்’ வேறு

இரண்டுக்கும் தமிழில் ‘அதிகம்’ என்றே எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் வேறுபாடு உண்டு. சர்ப்ளஸ் என்பது தேவை போக மிஞ்சியது. எடுத்து வேறொன்றுக்குப் பயன்படுத்தலாம். எக்ஸஸ் என்றால் அளவு மீறியது என்ற தொனி வந்துவிடும். பெரும்பாலும் தொல்லை தருவது.

தருமபுரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு ‘எக்ஸஸ்’. அதை ‘சர்ப்ளஸ்’ என்று யாரும் எழுத மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லி கிராம். இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லி கிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 1.5 மில்லி கிராமை உச்சவரம்பாகவும் வைத்திருக்கிறது. பாறையில் உள்ள தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து நீரில் சேர்கிறது. பல் முளைக்கும் வயதுக் குழந்தைகள் இந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் பல்லில் நீங்காத கறை விழும். பல்லாண்டுகள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. நீர் ஆவியாகும் அளவுக்கு அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

இதே ஃப்ளோரைடு மிகக் குறைந்தாலும் பல் சொத்தைக்கு வாய்ப்பு கூடும். கூடினாலும் நோய், குறைந்தாலும் நோய் என்று திருக்குறளின் மருந்து அதிகாரம் முதல் குறளிலேயே சொல்லிவிடுகிறது.

இங்கே டெஃபிசிட்டும் எக்ஸஸும் கைகோத்துக்கொள்வதையும் பார்க்கலாம். மழை பொய்த்தால் ஏரியும் கிணறும் வற்றும். ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழமாக்குவார்கள். பாறை இடுக்கில் நெடுங்காலம் தேங்கிக் கிடந்த நீரைக் குடிக்க வேண்டிவரும். மழையின் குறைவு, ஃப்ளோரைடின் மிகுதியாக வீட்டுக் குடத்துக்கு வந்து சேரும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த திட்டத்தின் முழுப் பெயர் ‘ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃப்ளூரோசிஸ் பாதிப்பு குறைப்புத் திட்டம்’ என்று இருப்பதற்குக் காரணம் இதுதான். ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013-ல் இந்தத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

பாலக்கோடு தக்காளி சொல்லும் பாடம்

‘டெஃபிசிட்’டுக்கும் தம்பி, தங்கைகள் உண்டு. ‘ஷார்ட்டேஜ்’ என்றால், வாங்க ஆள் இருக்கும் அளவுக்குப் பொருள் இல்லை. ‘ஸ்கேர்சிட்டி’ என்றால் தட்டுப்பாடு. எண்ணில் சொல்லாமல் பொதுவான நிலையைச் சொல்வது. ‘டெஃபிசிட்’ என்றால் எவ்வளவு குறைகிறது என்று எண்ணில் சொல்ல முடிய வேண்டும்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியதே, அது ஷார்ட்டேஜ். ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிய நிலை அரசுக்கு வந்தது. அதே தக்காளி சில மாதங்களில் பாலக்கோடு சந்தையில் குவிந்து, பறிக்கும் கூலிகூடக் கட்டாமல் செடியிலேயே விடப்படுவதும் நடக்கிறது. அந்தக் குவியலுக்கு ஆங்கிலத்தில் ‘க்ளட்’ என்று பெயர். சந்தை திணறும் அளவுக்கு வந்து குவிவது. அதைச் சாறாகவோ, விழுதாகவோ மாற்றும் வசதி பக்கத்திலேயே போதுமான அளவு இருந்தால் அதே குவியல் ‘சர்ப்ளஸ்’ ஆகியிருக்கும். பொருள் ஒன்றுதான், பயன்படுத்த வழியிருந்தால் ஒரு சொல், வழியில்லை என்றால் வேறு சொல்.

ரத்தத்தில் வேறு, பட்ஜெட்டில் வேறு

லேப் ரிப்போர்ட்டில் வருவது ‘டெஃபிசிட்’ அல்ல, ‘டெஃபிசியன்சி’. உடலுக்குத் தேவையான இரும்புச்சத்தோ, வைட்டமினோ குறைந்தால் இந்தச் சொல். ‘அயர்ன் டெஃபிசியன்சி’ என்பதே சரி. ‘அயர்ன் டெஃபிசிட்’ என்று பேச்சில் சொல்வதில்லை. இங்கேயும் கோடு உண்டு. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கர்ப்பிணிகளுக்கு அந்தக் கோடு 11 அல்லது அதற்கும் சற்றுக் கீழே. ஒரே 11.5 கிராம், ஒருவருக்கு ரத்தசோகை, கர்ப்பிணிக்கு அல்ல.

பட்ஜெட்டில் இரண்டு டெஃபிசிட்கள் வரும். ஒரு வீட்டின் மாத வருமானம் 30,000 ரூபாய், அன்றாடச் செலவு 32,000 ரூபாய் என்றால் 2,000 ரூபாய் ‘ரெவின்யூ டெஃபிசிட்’; அதாவது வருவாய்ப் பற்றாக்குறை. அதே மாதம் கிணற்றுக்கு மோட்டார் வாங்க 50,000 ரூபாய் செலவு செய்தால், மொத்தம் 52,000 ரூபாய் கடன் வாங்க வேண்டும். அது ‘ஃபிஸ்கல் டெஃபிசிட்’; நிதிப் பற்றாக்குறை. சோற்றுக்கே கடன் வாங்குவதும், மோட்டாருக்குக் கடன் வாங்குவதும் ஒன்றல்ல. டிவி விவாதத்தில் ‘டெஃபிசிட்’ என்று கேட்டால், எந்த டெஃபிசிட் என்று கேட்க வேண்டும். இன்னொன்று, டெஃபிசிட் என்பது ஓர் ஆண்டின் துண்டு. கடன் என்பது அப்படிப் பல ஆண்டுகள் விழுந்த துண்டுகளின் மொத்தம்.

மனிதரும் நிலமும் ‘சர்ப்ளஸ்’ ஆகும்போது...

அரசுப் பள்ளிகளில் ‘சர்ப்ளஸ் டீச்சர்’ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உபரி ஆசிரியர். அவர் தேவையில்லாதவர் என்று பொருளல்ல. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 ஆசிரியர்கள். தமிழகத்தில் ஆகஸ்ட் 1 நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கெடுக்கிறார்கள். 61 குழந்தைகள் இருந்த பள்ளியில் ஒரே ஒரு குழந்தையின் அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டால், எண்ணிக்கை 60. மூன்றாவது ஆசிரியர் தாளில் உபரி ஆகிவிடுவார். நேற்றுவரை பாடம் நடத்திய அதே ஆசிரியர்தான். மீதியிருக்கும் 60 குழந்தைகளும் அதே குழந்தைகள்தாம். மாறியது எண்ணிக்கை நின்ற இடம் மட்டும்.

நிலத்துக்கும் இது நடந்திருக்கிறது. தமிழகத்தில் 1961-ம் ஆண்டு நில உச்சவரம்புச் சட்டம், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என்று வரம்பு வைத்தது. 1970-ல் அது 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. கோடு கீழே இறங்கியதும், அதுவரை சொந்த நிலமாக இருந்த ஒரு பகுதி சட்டத்தின் கண்ணில் ‘சர்ப்ளஸ் லேண்ட்’ ஆனது. அப்படி எடுக்கப்பட்ட நிலம், நிலமற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது.

எங்கே எந்தச் சொல்?

* சர்ப்ளஸ்: தேவை போக மிஞ்சியது. பெயர்ச்சொல்லாகவும் வரும், ‘சர்ப்ளஸ் வாட்டர்’ என்று அடைமொழியாகவும் வரும்.
* எக்ஸஸ்: அளவு மீறியது. மழை, ஃப்ளோரைடு, உடல் எடை போன்றவற்றுக்கு.
* க்ளட்: விற்க முடியாமல் சந்தையில் குவிவது.
* டெஃபிசிட்: இருக்க வேண்டியதற்கும் இருப்பதற்கும் உள்ள துண்டு. பணம், மழை, நீர் போன்று எண்ணில் சொல்லக்கூடியவற்றுக்கு.
* டெஃபிசியன்சி: உடலில் சத்துக்குறைவு.
* டெஃபிசியன்ட்: குறைவுபட்ட நிலையைச் சொல்லும் அடைமொழி.
* ஷார்ட்டேஜ்: கேட்பவர்களுக்குப் போதாத சரக்கு.
* ஸ்கேர்சிட்டி: பொதுவான தட்டுப்பாடு.

உச்சரிப்பில் ‘சர்ப்ளஸ்’, ‘டெஃபிசிட்’ இரண்டுக்கும் முதல் அசையில் அழுத்தம் கொடுக்க வேண்டும்.

போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கு இந்தப் பட்டியல் போதும். செய்தி படிக்கும் மற்றவர்கள், இந்தச் சொற்கள் கண்ணில் பட்டால் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். எதோடு ஒப்பிட்டு அதிகம் அல்லது குறைவு என்கிறார்கள்? எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கான கணக்கு இது? அந்த வரம்பை வைத்தது யார்?

கிராம சபைக் கூட்டத்தில் ‘நம்ம ஊர் தண்ணியில ஃப்ளோரைடு எவ்வளவு? 1.5-க்கு மேலயா, கீழயா?’ என்று ஒருவர் எழுந்து கேட்டால், ‘கொஞ்சம் அதிகம்தான்’ என்ற பதிலோடு அதிகாரிகள் நழுவ முடியாது. எண் சொல்லியாக வேண்டும். எண் வந்துவிட்டால், அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்றும் கேட்கலாம்.